இத்தாலியில் கார் வாடகைக்கு எடுக்க நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் போதுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். வேளச்சேரியில் இருக்கிறீர்கள். அடுத்த மாதக் கடைசியில் மனைவி, பையன், மாமியாரோடு மிலான் போய் இறங்கி, விமான நிலையத்திலேயே கார் எடுத்து, கோமோ ஏரி பார்த்துவிட்டு எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் லூசர்ன் வரைக்கும் போவதாகத் திட்டம். காருக்குப் பணமும் கட்டிவிட்டீர்கள். இப்போது புக்கிங் தாளின் கடைசியில் பொடி எழுத்தில் "இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் (சுருக்கமாக ஐடிபி) தேவைப்படலாம்" என்று ஒரு வரி கண்ணில் பட்டிருக்கிறது. அமெரிக்கா போய் வந்த நண்பரோ "நம்ம லைசென்ஸ் இங்கிலீஷ்லதானடா இருக்கு, எவனும் கேக்க மாட்டான்" என்கிறார். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர் நாலாயிரத்து ஐந்நூறு கேட்கிறார். இதற்கு நடுவில் ஏதோ ஒரு இணையதளம் பத்து வருடத்துக்குச் செல்லும் பெர்மிட்டை அறுபது டாலருக்கு வீட்டுக்கே அனுப்புகிறேன் என்கிறது. "ஐடிபி கட்டாயமா, இல்லையா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இல்லாமல் போனால் யார் நிறுத்துவார்கள், எங்கே மாட்டுவோம் என்பதுதான் உங்களை உறுத்துகிற விஷயம் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

சென்னையில் வெளிநாட்டுப் பயண ஏற்பாடு செய்கிற வேலையில் வெகுநாள் இருந்தவன் நான். தானே ஓட்டிக்கொண்டு சுற்றுகிறேன் என்று வருபவர்களின் புக்கிங் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கார் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஏதாவது ஒரு ஏர்போர்ட்டில் இருந்து ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற போனும் எனக்குத்தான். வக்கீல் கிடையாது, இன்சூரன்ஸ் கம்பெனியிலும் இருந்ததில்லை. அதனால் பாலிசி பற்றிச் சொல்லும்போது பொதுவாகத்தான் சொல்ல முடியும், உங்கள் பாலிசியின் நிபந்தனைகளை நீங்கள்தான் படிக்க வேண்டும். மற்றபடி சுருக்கமான பதில்: இத்தாலிக்குக் கட்டாயம் வேண்டும், ஆயிரம் ரூபாய்ச் செலவுதான், நேரம் இருக்கிறது, நாளைக்கே விண்ணப்பம் போடுங்கள். ஏன் என்று கேட்பவர்களுக்கு மீதி.

ஐடிபி தனியாக ஒரு லைசென்ஸ் இல்லை. உங்கள் லைசென்ஸில் இருக்கும் விவரத்தைப் பல மொழியில் அச்சடித்து, எந்த வகை வண்டி ஓட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று முத்திரை குத்தி, போட்டோ ஒட்டித் தருகிற ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். 1949-இல் ஜெனீவாவில் போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் அதன் மாதிரி இருக்கிறது: சாம்பல் நிற அட்டை, உள்ளே வெள்ளைத் தாள். வகைகள் ஏ முதல் இ வரை. ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் மூன்றரை டன்னுக்கு மேற்படாத, டிரைவரைத் தவிர எட்டு சீட்டுக்கு மிகாத கார், அதற்கு மேலே லாரி, பஸ், டிரெய்லர். இந்தியா தருவது இந்த 1949 மாதிரிதான். பிற்பாடு 1968-இல் வியன்னாவில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது, அந்த மாதிரி ஐடிபி மூன்று வருடம் வரைக்கும் செல்லும். நம்முடையது கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடம்தான், அதற்குள் லைசென்ஸே காலாவதியானால் அதுவும் அன்றோடு சரி. இந்தப் புத்தகத்தை மட்டும் நீட்டினால் எங்கேயும் செல்லாது, கூடவே அசல் லைசென்ஸ் அட்டை இருக்க வேண்டும். இங்கே டிராஃபிக் போலீஸிடம் டிஜிலாக்கரைத் திறந்து காட்டிப் பழகிவிட்டோம், அட்டை வீட்டு பீரோவில் தூங்கும். அங்கே போனில் காட்டுகிற லைசென்ஸை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். அட்டையை இப்போதே தேடி எடுத்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். "கட்டாயமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் அதைக் கேட்கப் போவது மூன்று பேர். முதல் ஆள் கார் கொடுக்கிற கவுன்டரில் இருப்பவர். அவர் பார்ப்பது கம்பெனியின் விதிமுறைத் தாளை, நாட்டுச் சட்டத்தை அல்ல. லைசென்ஸ் ரோமன் எழுத்தில் இருந்தால் போதும் என்று சில கம்பெனி எழுதி வைத்திருக்கும், ஐரோப்பாவுக்கு வெளியே கொடுத்த எல்லா லைசென்ஸுக்கும் ஐடிபி வேண்டும் என்று சில கம்பெனி. ஒரே கம்பெனியின் இரண்டு கிளைகளே இரண்டு மாதிரி நடப்பதைப் பார்த்திருக்கிறேன், வரிசை நீளமாக இருக்கிற நாளில் கேட்கவே மாட்டார்கள். உங்கள் நண்பர் சொல்கிற "எவனும் கேக்க மாட்டான்" என்பது இந்த முதல் ஆளைப் பற்றி மட்டும்தான், அதுவும் ஓரளவுக்குத்தான் உண்மை. கேட்டுவிட்டு இல்லையென்றால் கார் கிடையாது, முன்பணம் பெரும்பாலும் திரும்பாது, ஏனென்றால் தாள்களைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று அதே பொடி எழுத்தில் இருக்கும். ஏதென்ஸில் ஒரு குடும்பம் இப்படி நின்றது, தீவுக்குப் போக ஃபெர்ரி டிக்கெட்டில் காருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தார்கள்.

இரண்டாவது ஆள் ரோட்டில் நிறுத்துகிற போலீஸ். அவருக்குக் கம்பெனி விதி தெரியாது, தேவையும் இல்லை, அவர் பார்ப்பது நாட்டுச் சட்டம். கவுன்டரில் சாவி கொடுத்துவிட்டார்கள் என்பது அவரிடம் செல்லாது. கவுன்டர்காரர் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் மாதிரி, உள்ளே அனுப்பி வைப்பதோடு அவர் வேலை முடிந்தது.

மூன்றாவது ஆள்தான் முக்கியம், அவரை யாரும் நினைப்பதே இல்லை: இன்சூரன்ஸ். ஊர் சுற்றி முடித்து ஒன்றும் ஆகாமல் திரும்புபவர்களை அவர் சந்திக்கவே மாட்டார், அதனால்தான் "நான் ஐடிபி இல்லாமலே ஓட்டினேன்" என்று சொல்ல இத்தனை பேர் இருக்கிறார்கள். வாடகையோடு சேர்த்து விற்கிற சேதப் பாதுகாப்பு, அதாவது சிடிடபிள்யூ, அந்த நாட்டுச் சட்டப்படி ஓட்ட உரிமை உள்ளவர் ஓட்டினால்தான் செல்லும் என்பது கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற நிபந்தனை. பார்க்கிங்கில் ஒரு தூணில் உரசினால் பரவாயில்லை, காசைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். வளைவில் எதிரே வந்தவர் மேல் மோதி ஆள் காயப்பட்டால் கதை வேறு. எதிராளிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு, உங்களிடம் சரியான தாள் இல்லை என்று சொல்லி அதை உங்களிடமே திரும்பக் கேட்க வழி இருக்கிறது. சென்னையில் எடுத்துக்கொண்டு போகிற டிராவல் இன்சூரன்ஸிலும் சட்டத்தை மீறி வண்டி ஓட்டியதால் வந்த காயத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு சாதாரணமாக இருக்கும். அந்த விலக்கு உங்கள் பாலிசியில் எந்த வார்த்தைகளில் இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள கணக்கை நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். இத்தாலியில் சந்தேகமே இல்லை. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே கொடுத்த லைசென்ஸோடு ஓட்டுகிறவர் கூடவே ஐடிபியோ, அதிகாரபூர்வமான இத்தாலிய மொழிபெயர்ப்போ வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பது அங்கே உதவாது, ஆங்கிலம் அவர்களுக்கும் அயல்மொழிதான். அபராதம் 400 யூரோவைத் தாண்டும். சுவிட்சர்லாந்து இந்த விஷயத்தில் தாராளம், சுற்றுலா வந்தவர் ரோமன் எழுத்தில் உள்ள சொந்த நாட்டு லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். ஆனால் நீங்கள் காரை எடுப்பது மிலானில், திரும்பக் கொடுப்பதும் மிலானில், அதனால் சுவிஸ் சலுகையால் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை. எல்லை தாண்டப் போகிறேன் என்பதை கவுன்டரில் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், சொல்லாமல் போனாலும் இன்சூரன்ஸ் பிரச்சினைதான். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் விலையில் விக்னெட் என்கிற சாலைக் கட்டண அனுமதி வேண்டும், 2023-லிருந்து அதை இணையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தே வாங்கலாம். அப்புறம் இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் இசட்டிஎல் (ZTL) என்று போட்ட பலகையைப் பார்த்தால் உள்ளே நுழையாதீர்கள், அனுமதி இல்லாத வண்டி போகக் கூடாத பகுதி அது. கேமரா படம் பிடித்துவிடும், மாதக்கணக்கு கழித்து வேளச்சேரிக்குக் கடிதம் வரும், அதற்கு முன்னால் வாடகைக் கம்பெனி உங்கள் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணத்தை கார்டில் எடுத்திருக்கும்.

நண்பர் சொன்னதும் பொய் இல்லை, அவர் போன இடத்தில் அது சரி. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பெரும்பாலான இடங்களில் சுற்றுலா வந்தவர் சொந்த நாட்டு லைசென்ஸில் ஓட்டலாம். கலிஃபோர்னியாவில் ஐடிபியை லைசென்ஸாகவே கணக்கில் எடுப்பதில்லை, சொந்த நாட்டு லைசென்ஸ்தான் முக்கியம். ஃபுளோரிடாவில் ஒரு வேடிக்கை நடந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் எல்லாருக்கும் ஐடிபி கட்டாயம் என்று 2013 ஜனவரியில் சட்டம் கொண்டுவந்தார்கள், அது ஜெனீவா ஒப்பந்தத்தோடு மோதுகிறது என்று தெரிந்ததும் அமல்படுத்தாமல் நிறுத்தி, சில மாதத்தில் அதை எடுத்தே விட்டார்கள். பிரிட்டனிலும் நம் லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் ஓட்டிவிட்டு வந்தவர்கள்தான் "தேவையே இல்லை" என்று அடித்துச் சொல்பவர்களில் பாதிப் பேர்.

இதே கேள்வியோடு வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் எனக்கு உறுதியாகத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பேச்சுக்கே இடமில்லை. 1949 மாதிரி ஐடிபியை மட்டும் ஏற்பார்கள், நம்முடையது அதுதான் என்பது நமக்கு அதிர்ஷ்டம், இல்லாமல் போனால் கவுன்டரில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார்கள், கார் மட்டும் வராது. வியட்நாம் இதற்கு நேர் எதிர், அங்கே 1968 வியன்னா மாதிரியைத்தான் பார்க்கிறார்கள், நம் சாம்பல் புத்தகத்தை நம்பி டா நாங்கில் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள், கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு சாவி கொடுப்பார், அவர் நான் சொன்ன முதல் ஆள் மட்டும்தான். சீனாவில் ஐடிபியே செல்லாது, உள்ளூர் தற்காலிக லைசென்ஸ் வாங்க வேண்டும். கிரீஸில் 2021-இல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற சில நாட்டு லைசென்ஸ்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு "கிரீஸில் இப்போது வேண்டாமாம்" என்று நம் ஆட்களும் நினைத்துக்கொள்கிறார்கள், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. துபாய்க்கு விசிட் விசாவில் போகிறவர் இந்திய லைசென்ஸோடு ஐடிபி வைத்து வாடகைக் கார் ஓட்டலாம், ரெசிடென்ஸ் விசா அடித்த பிறகு அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் குடியேறினாலும் இந்திய லைசென்ஸ் ஆறு மாதம்தான் செல்லும். பக்கத்திலேயே இருக்கிற இலங்கையில் ஐடிபி மட்டும் போதாது. கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் பதிந்து தருகிற அனுமதியோ, அவர்கள் மோட்டார் போக்குவரத்துத் துறையின் தற்காலிக லைசென்ஸோ வேண்டும், 2025-இல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அந்தத் தற்காலிக லைசென்ஸுக்கு ஒரு கவுன்டர் திறந்தார்கள். தாய்லாந்துக்குப் போகிற பையன்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் ஐடிபியில் பி-க்கு எதிரே மட்டும்தான் முத்திரை விழும், ஏ-க்கு எதிரே காலியாக இருக்கும். புக்கெட்டில் ஸ்கூட்டரை நிறுத்துகிற போலீஸ் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். விழுந்து கை உடைந்தால் டிராவல் இன்சூரன்ஸ்காரரும் அதே பக்கத்தைத்தான் கேட்பார்.

அடுத்து வாங்குவது எப்படி. லைசென்ஸ் வேலைகளுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் வரும் சேவைப் பட்டியலில் ஐடிபியும் இருக்கும். விண்ணப்பம் ஃபாரம் 4ஏ, அதில் எந்தெந்த நாடு, எப்போது கிளம்புகிறீர்கள், எவ்வளவு நாள் என்று கேட்பார்கள். கட்டணம் 1000 ரூபாய், அதையும் இணையத்திலேயே கட்டலாம். லைசென்ஸ், பாஸ்போர்ட் இரண்டுக்கும் அசலும் ஜெராக்ஸும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களும் வேண்டும். முன்பெல்லாம் விசாவும் டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். 2021 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த இரண்டையும் எடுத்துவிட்டது, ஏனென்றால் போய் இறங்கிய பிறகுதான் விசா என்கிற நாடுகள் நிறைய இருக்கின்றன. அப்படியிருந்தும் டிக்கெட் ஜெராக்ஸ் ஒன்று கையில் வைத்திருங்கள், கவுன்டரில் இருப்பவர் பழைய பழக்கத்தில் கேட்டால் வாக்குவாதம் பண்ணி அரைநாளை வீணாக்குவதைவிட எடுத்து நீட்டிவிடலாம். திருவான்மியூரோ கே.கே. நகரோ, உங்கள் முகவரி எந்த ஆர்டிஓ எல்லையில் வருகிறதோ அங்கே போங்கள், கூட்டம் சேர்வதற்கு முன்னால் காலையிலேயே போவது நல்லது. புரோக்கர் செய்யப் போவதும் இதையேதான், கூடுதல் மூவாயிரத்து ஐந்நூறு அவர் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிக்கு.

பழைய புத்தக லைசென்ஸோ, லேமினேட் பண்ணின அட்டையோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் வரும். அது சாரதி கணினியில் ஏறியிருக்காது, எண்ணைப் போட்டால் விவரம் இல்லை என்று வரும். முதலில் அதை ஏற்றச் சொல்லி ஸ்மார்ட் கார்டாக மாற்றிய பிறகுதான் ஐடிபி, அதற்குக் கொஞ்சம் நாள் ஆகும். இன்னொன்று, லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று பாருங்கள். இப்போதைய விதிப்படி முப்பது வயதுக்குள் எடுத்தவர்களுக்கு நாற்பது வயதோடு முடியும், அதற்குப் பிறகு ஐம்பது வயதுக்குள் புதுப்பித்தால் பத்துப் பத்து வருடம். நாற்பதைத் தொடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஐடிபி போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு மாதத்துக்குத்தான் கொடுத்தார்கள் என்று சண்டைக்கு வருவார்கள். முடிகிற தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், அதை முடித்துவிட்டு ஐடிபிக்குப் போங்கள். கையில் வந்த புத்தகத்தையும் அங்கேயே திறந்து சரிபாருங்கள்: போட்டோ மேல் முத்திரை விழுந்திருக்கிறதா, பி-க்கு எதிரே முத்திரை இருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, கொடுத்த தேதி, முடிகிற தேதி. முன்பெல்லாம் ஒரு மாநிலத்து ஐடிபி மாதிரி இன்னொரு மாநிலத்தில் இருக்காது, அளவும் நிறமும் ஆளுக்கொரு விதம், வெளி நாட்டில் "இது உண்மைதானா" என்று சந்தேகப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே மாதிரி என்று ஆக்கி, லைசென்ஸோடு சரிபார்க்க கியூஆர் கோடும் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் புகார் என் மேசைக்கு வருவது குறைந்தது.

பெயர் என்று சொன்னேன் இல்லையா, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஐடிபியைவிடப் பெரிய தலைவலி அதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கவுன்டரில் இருப்பவர் பாஸ்போர்ட், லைசென்ஸ், கிரெடிட் கார்டு மூன்றையும் மேசை மேல் வரிசையாக வைத்து, விரலால் பெயரைத் தொட்டுத் தொட்டு ஒப்பிடுவார். பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் என்று ஒரு வரி, கீழே குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் சுப்பிரமணியன். லைசென்ஸில் கார்த்திகேயன் எஸ். கார்டில் எஸ் கார்த்திகேயன். புக்கிங் பண்ணும்போது தளம் கேட்டதே என்று மிஸ்டர் சுப்பிரமணியன் என்று போட்டிருப்பீர்கள். நமக்கு நாலும் ஒரே ஆள், இனிஷியல் என்ற பழக்கமே இல்லாத ஊர்க்காரருக்கு நாலு ஆள். புக்கிங்கில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் இருக்கட்டும், இல்லையென்றால் இப்போதே கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள், கிளம்புகிற வாரத்தில் திருத்தினால் சில சமயம் புது விலை போட்டுவிடுவார்கள். ஐடிபி விண்ணப்பத்தில் பெயர் லைசென்ஸில் இருந்துதான் தானாக வரும், அதனால் லைசென்ஸில் வெறும் இனிஷியல் மட்டும் இருந்தால் ஆர்டிஓவில் பாஸ்போர்ட்டைக் காட்டி அப்பா பெயர் விரிவாக வருமா என்று கேளுங்கள். வந்தால் நல்லது, வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். லைசென்ஸ் அட்டையிலேயே அப்பா பெயருக்கு ஒரு வரி இருக்கிறது, அதைக் காட்டி எஸ் என்றால் சுப்பிரமணியன் என்று விளக்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். நான் அனுப்பியவர்களில் இனிஷியல் ஒன்றுக்காக மட்டும் கார் மறுக்கப்பட்டவர் யாரும் இல்லை, ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது மேனேஜரைக் கூப்பிட்டு விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறைய.

கார்டு விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். ஓட்டுகிறவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு, பிளாஸ்டிக்காகக் கையில் இருக்க வேண்டும். டெபிட் கார்டை நிறைய இடத்தில் டெபாசிட்டுக்கு எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் அவர்களுடைய இன்சூரன்ஸை முழு விலைக்கு வாங்கச் சொல்வார்கள். சென்னையில் பணம் ஏற்றிக்கொண்டு போகிற ஃபாரெக்ஸ் கார்டு கடைக்கும் ஹோட்டலுக்கும் சரி, கார் டெபாசிட்டுக்கு நம்ப வேண்டாம். டெபாசிட் ஆயிரம் யூரோ, அதற்கு மேலும் போகும், அத்தனையும் கார்டில் முடக்கி வைத்துக் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விடுவிப்பார்கள், அதனால் லிமிட்டைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் திறந்து வரும். வெளிநாட்டு உபயோகத்தை நீங்களே பேங்க் ஆப்பில் போய் ஆன் பண்ண வேண்டும், கவுன்டரில் நேரில் தேய்ப்பது, ஆன்லைன் இரண்டுக்கும் தனித்தனி பட்டன் இருக்கும்.

அந்த அறுபது டாலர் பத்து வருட பெர்மிட்டை வாங்காதீர்கள். நம் ஐடிபி ஒரு வருடம்தான், வியன்னா மாதிரிக்கே மூன்று வருடம்தான் உச்சம் என்று மேலே சொன்னேன், பத்து வருடம் என்று ஒன்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. லைசென்ஸ் கொடுத்த நாட்டின் அரசோ, அந்த அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ தந்தால்தான் அது ஐடிபி. தனியார் தளம் அனுப்புவது தங்க நிற எழுத்து போட்ட ஒரு மொழிபெயர்ப்புத் தாள். இத்தாலியப் போலீஸிடம் அதை நீட்டினால் ஐடிபி இல்லை என்ற அபராதத்தோடு போலித் தாள் என்ற கேள்வியும் சேரும். இங்கிருந்து போன பிறகு ஐடிபி காலாவதியாகிவிட்டால் அதற்கும் நேர்வழி இருக்கிறது, 2021-லிருந்து அந்த ஊர் இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்கலாம், கட்டணம் 2000 ரூபாய். உங்கள் பத்து நாள் பயணத்துக்கு அது தேவைப்படாது, பையனைப் படிக்க அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுவார் என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவருக்கும் தனி ஐடிபி வேண்டும், இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விடலாம். கவுன்டரில் அவர் பெயரைக் கூடுதல் டிரைவர் என்று சேர்க்கச் சொல்லுங்கள், நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வாங்குவார்கள், கையெழுத்துப் போட அவரும் அசல் லைசென்ஸோடு நேரில் நிற்க வேண்டும். மாமியாரையும் பெட்டிகளையும் பார்த்துக்கொள்ள அவரை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் கவுன்டருக்குப் போகாதீர்கள். அவர் பெயர் ஒப்பந்தத்தில் ஏறாமல் வண்டி நகர்ந்தால், அவர் ஸ்டியரிங்கைத் தொடுகிற நேரம் முழுக்க அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.